சளி என்று நான் சொன்னது

பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஆப்பிள் பையை டீப்பாயில் வைத்துவிட்டு "என்னதான் ஆச்சு எப்சி?" என்று ஆரம்பிக்கிறார்கள். நான் பாதி சொல்வதற்குள் தங்கள் சித்தப்பாவின் பைபாஸ் ஆபரேஷனுக்குத் தாவிவிடுகிறார்கள். அதனால் ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் கணக்கு டீச்சர். வழியை விட்டுவிட்டு விடையை மட்டும் எழுதினால் எனக்கே பிடிக்காது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் எப்சிபா. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். மூன்று தலைமுறைக்கு முன்பே கண்டோன்மென்ட் பக்கம் வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. எங்கள் தமிழுக்குள் கன்னடம் எங்கே நுழைந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் மூக்கு ஒழுகினால் அது நெகடி. நெஞ்சில் கட்டினால் கபம். சளி என்றால் குளிர், உடம்பை வெடவெடவென்று ஆட்டுகிற குளிர். கன்னடத்தில் குளிருக்கு அதுதான் பெயர். என் கணவர் சகாயத்துக்கு ஊர் ராணிப்பேட்டை. கல்யாணமான முதல் டிசம்பரில் ஒரு நாள் "சளி தாங்கலைங்க" என்றேன். அந்த மனுஷன் மிளகும் மஞ்சளும் போட்டுப் பால் காய்ச்சிக்கொண்டு வந்து நின்றார். நான் கேட்டது கம்பளி. அதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ வருஷம் சிரித்திருக்கிறோம். பிறகு அவரும் வீட்டில் அப்படியே பேசப் பழகிவிட்டார்.

போன மழைக்காலத்தில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். சில வாரம் கழித்து, ஸ்கூல் விட்டு வந்ததும் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பல் பல்லோடு இடிக்கும். கட்டில் காலே சத்தம் போடும். அரை மணி போனால் கொதிக்கிற ஜுரம், அதற்குப் பிறகு வேர்த்து ஊற்றும். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். நானும் சேலையைக் கட்டிக்கொண்டு பத்தாம் வகுப்புக்கு டிரிக்னாமெட்ரி நடத்தப் போய்விடுவேன். தெருமுனை கிளினிக்கில் கொடுத்த மாத்திரைக்கு ஜுரம் மசியவில்லை. ரவிக்கைகள் தொளதொளத்துப் போயின. மகள் ரூத் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறாள், ஹெப்பகோடியில் தங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தவள் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப் போனாள். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். இந்த ஊரில் அப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன.

அங்கே அட்மிஷன் அறையில் மனிதர் யாரும் நம் கதையைக் கேட்பதில்லை. சக்கரம் வைத்த ஒரு கம்பம், அதன் தலையில் ஒரு திரை, திரைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல். நர்ஸுகள் அதற்கு 'அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். "அக்காகிட்ட எல்லாம் சொல்லிடுங்கம்மா, டாக்டர் அதப் பாத்துட்டு வருவாரு." நாம் எந்த மொழியில் சொன்னாலும் அது கேட்டு, சுருக்கி, டாக்டர்களின் போனுக்கு அனுப்பிவிடும். கூட வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்றார்கள். ரூத்துக்கு ஒரே பெருமை. "அம்மா, தமிழ்லயே பேசலாம்மா. நீ இங்கிலீஷுக்குக் கஷ்டப்பட வேணாம்" என்றாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாதது போல.

குரல் நன்றாகத்தான் இருந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணின் தமிழ். "உங்களுக்கு என்ன தொந்தரவு?" என்று கேட்டது.

"சளியும் ஜுரமும்" என்றேன்.

"சளி எத்தனை நாட்களாக இருக்கிறது?"

"மூணு வாரமா."

"அதிகமாக வருகிறதா, குறைவாக வருகிறதா?"

"அதிகமாத்தான். சாயங்காலம் ஆனா தாங்க முடியல."

"சளியில் இரத்தம் தென்படுகிறதா?"

எனக்கு அப்போது ஜுரம் ஏறிக்கொண்டிருந்தது. குளிரில் ஏது ரத்தம், இவ்வளவு கேள்வி கேட்கிற இடத்தில் நாலு அசட்டுக் கேள்வியும் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டு, "இல்ல" என்றேன். அது நன்றி சொன்னது. என் வகுப்பில் ஒரு பையன் இப்படித் தலையாட்டியிருந்தால் எழுப்பி நிற்க வைத்து, என்ன புரிந்தது சொல் என்று கேட்டிருப்பேன். அந்தக் கம்பத்திடம் அப்படிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஒருவரும் கெட்டவர் இல்லை. பெரிய டாக்டர் சிரித்த முகத்தோடு "நெஞ்சுல இன்ஃபெக்‌ஷன்மா, மருந்து போட்டா கேட்டுடும்" என்றார். ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துப் பார்த்தார். நெஞ்சுச்சளிக்கு முதுகில்தானே வைத்துக் கேட்பார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரலின் அடியில் லேசாக ஒரு நிழல் தெரிந்தது, அதுவும் சேர்ந்துகொண்டது. கையில் ஊசி குத்தி, கிருமியைக் கொல்லும் மருந்தை ஏற்ற ஆரம்பித்தார்கள். மூக்கிலும் வாயிலும் மூடி போட்டு மருந்துப் புகை பிடிக்க வைத்தார்கள். ஆறு மணிக்கொரு தரம் ஜுர மாத்திரை. ஜுர மாத்திரை போட்டால் நடுக்கமும் அடங்கிவிடும் அல்லவா. காலையில் ரவுண்ட்ஸ் வருகிற டாக்டர் "சளி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார். நானும் மனசாரச் சொல்வேன், "இப்ப ரொம்பக் குறைஞ்சிருக்கு டாக்டர்." அவர் போனில் ஏதோ தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்.

சகாயம் தினமும் காலையில் ஃபிளாஸ்க்கில் ரசம் எடுத்துக்கொண்டு வருவார். என் தலையை அவரே வாரிவிடுவார், கோணல் வகிடோடு. ஒரு தொழிற்சாலையில் சாமான்களை அளந்து தேறியதா இல்லையா என்று முத்திரை குத்துகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அளக்கிற கருவி சொல்வதுதான் அவருக்கு வேதம். ஆஸ்பத்திரி கொடுத்த ஆப் ஒன்று அவர் போனில் இருந்தது. அதைத் திறந்து பார்த்துவிட்டு எனக்குச் செய்தி சொல்வார்.

"எப்சி, உனக்கு இன்னைக்குப் பரவாயில்லையாம்."

"மூச்சு வாங்குதுங்க. படுக்கவே முடியல."

"ஆக்சிஜன் தொண்ணூத்தஞ்சு காட்டுதே."

எனக்குப் பரவாயில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. என் கால் வீங்கியிருந்தது. தலையணையை மூன்றாக அடுக்கி அதில் சாய்ந்துகொண்டிருந்தேன். நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நினைப்பு வந்து போய்க்கொண்டிருந்தது. கணக்கு டீச்சர் இப்படி நினைக்கலாமா என்று என்னையே திட்டிக்கொள்வேன். மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். ரூத் வீட்டைக் கூட்டிப் பெருக்கப் போயிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஜுர மாத்திரை கொடுக்க நர்ஸுக்கு நேரமாகிவிட்டது. நடுக்கம் வந்தது. கட்டிலின் பக்கவாட்டுக் கம்பி கடகடவென்று ஆடியது. சகாயம் வாட்டர் பாட்டில் வாங்கக் கீழே போயிருந்தார். அக்கா கம்பம் வேறு வார்டில் இருந்தது. சத்தம் கேட்டு, பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த சின்ன வயது டியூட்டி டாக்டர் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் சுமா. தும்கூர்ப் பக்கத்துக் கன்னடப் பெண், தமிழ் திக்கித் திக்கிப் பேசுவாள். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, குளிருகிறதா என்று தன்னை அறியாமல் கன்னடத்தில் கேட்டாள்.

"ஏனம்மா, சளி ஆக்தா இதியா?"

"ஹௌதம்மா, சளி. தினமும் இப்படித்தான். சளி வந்து வந்துதான் ஜுரம் வருது."

அவள் போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள். பிறகு அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டு, என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அங்கே வந்ததிலிருந்து என் கட்டிலில் உட்கார்ந்த முதல் டாக்டர் அவள்தான்.

"அம்மா, கபம் வருதா? துப்புறீங்களா?"

"கபமா? எனக்கு இருமலே இல்லையே."

"அப்போ சளின்னு நீங்க அக்காகிட்ட சொன்னது?"

"இதத்தான்" என்று ஆடுகிற என் கையைக் காட்டினேன்.

அவள் முகம் மாறியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு நிறையக் கேட்டாள். சமீபத்தில் பல் பிடுங்கினீர்களா? சின்ன வயதில் மூட்டு வீங்கி ஜுரம் வந்ததா? ஆமாம், வந்தது, ஆறாவது படிக்கும்போது ஒரு டெர்ம் முழுக்கப் படுத்திருந்தேன். என் நகங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். நகத்துக்கு அடியில் சிலாம்பு ஏறியது போலச் சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகள் இருந்தன. நான்கூடக் கவனிக்கவில்லை. கடைசியில் ஸ்டெதஸ்கோப்பை முன்பக்கம், இடது மார்புக்குக் கீழே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டாள்.

எனக்கு வந்திருந்தது நெஞ்சுச்சளி இல்லை, இதய வால்வில் கிருமி. எனக்கு விளக்கியதை உங்களுக்கும் விளக்குகிறேன். இதயத்துக்குள் ரத்தம் ஒரு பக்கமாகப் போவதற்குச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. சிறுவயது மூட்டு ஜுரத்தில் என்னுடைய ஒரு கதவு கொஞ்சம் தடித்துப் போயிருந்திருக்கிறது. பல் பிடுங்கும்போது வாயிலிருக்கிற கிருமி ரத்தத்தில் கலந்து, அந்தத் தடிப்பில் போய் ஒட்டிக்கொண்டு கூடு கட்டிவிட்டது. அந்தக் கூட்டிலிருந்து கிருமி ரத்தத்தில் உதிர்கிறபோதெல்லாம் உடம்பு நடுங்கும். கூடு பெரிதாகப் பெரிதாகக் கதவை அரிக்கும். கதவு சரியாக மூடாவிட்டால் ரத்தம் பின்னுக்குப் போய் நுரையீரலில் தேங்கும். அதுதான் எக்ஸ்ரேயில் தெரிந்த நிழல், மூச்சு வாங்கியதும் கால் வீங்கியதும் அதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. எந்தக் கிருமி என்று தெரிந்துகொள்ள, ரத்தத்தை ஒரு குப்பியில் விட்டு அதை வளர வைத்துப் பார்ப்பார்கள். அதைக் கிருமி மருந்து போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். எனக்குத்தான் சளிக்கு மருந்து ஏற்றியாகிவிட்டதே. குப்பியில் ஒன்றும் முளைக்கவில்லை. கிருமி செத்ததா என்றால் அதுவும் இல்லை, அரைகுறையாக ஒளிந்துகொண்டிருந்தது. இனி எதற்கு எந்த மருந்து என்று தெரியாமல், ஊகத்தில்தான் போட வேண்டும் என்றார்கள்.

நான் சொல்ல வந்தது அதற்கெல்லாம் முன்னால், அந்தச் சாயங்காலமே நடந்தது. சுமா எதிரே நின்றுகொண்டிருக்கும்போது சகாயம் வாட்டர் பாட்டிலோடு வந்தார். அவரிடம் அவள் கேட்டாள், "சார், உங்க வீட்ல சளின்னா என்ன அர்த்தத்துல சொல்வாங்க? குளிருக்கா, கபத்துக்கா?"

அவர் பாட்டிலின் மூடியைத் திறந்து, மறுபடியும் மூடினார்.

"எனக்குத் தெரியாது டாக்டர்" என்றார்.

மிளகுப் பால் காய்ச்சின மனுஷன். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். தெரியாது என்று ஏன் சொன்னார்? அப்போது கேட்க மூச்சு இல்லை. பிறகு கேட்கப் பயமாக இருந்தது. என்ன பதில் வரும் என்ற பயம் அது. உயிரைப் பற்றிய பயத்தோடு இதுவும் சேர்ந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது, எது கனம் என்று சொல்ல முடியவில்லை.

எக்கோ எடுக்கிற இடத்தில் காத்திருந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. எக்கோ என்றால் நெஞ்சின் மேல் ஜெல்லைத் தடவி, உள்ளே இதயம் அசைவதைத் திரையில் பார்ப்பது. வலிக்காது. ஆனால் அதற்கு முன் அந்த நீளமான தாழ்வாரத்தில், வீல்சேரில் வரிசையாக வைத்துவிடுவார்கள். டோக்கன் எண்ணை ஒரு குரல் கூப்பிடும். அதுவும் அதே அக்கா குரல்தான். பக்கத்து வீல்சேரில் இருந்த ஒரு பெரியவர் ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் எழுந்திருக்கப் பார்த்தார். அவரோடு வந்தவர் பணம் கட்டப் போயிருந்தார். "உங்க நம்பர் இன்னும் வரலைங்க" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். உள்ளே என் இதயத்தைத் திரையில் பார்த்தேன். கதவின் நுனியில் ஒரு சின்ன உருண்டை, காற்றில் ஆடுகிற பஞ்சு போல ஆடிக்கொண்டிருந்தது. அழகாகக்கூட இருந்தது. நான் அழுதேன்.

மருந்து ஏற்றியும் கதவு கிழிந்துகொண்டே போனது. நெஞ்செலும்பைப் பிளந்து, கதவை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. இன்ஷூரன்ஸ்காரர்களின் ஒப்புதல் வரக் காத்திருந்தோம். ரூத் லீவு போட்டுவிட்டு வந்து பெஞ்சில் படுத்துக்கொண்டாள். அக்காவின் பக்கமே அவள் திரும்பவில்லை. ஒரு நாள் என் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "நான்தாம்மா உன்ன இங்க கூட்டிட்டு வந்தேன்" என்றாள். "நீ கூட்டிட்டு வரலன்னா வீட்லயே போயிருப்பேன்டீ" என்றேன். அது உண்மை. அவள் நம்பவில்லை.

ஆபரேஷனுக்கு முதல் நாள் அக்காவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆபரேஷனைப் பற்றி அதுதான் விளக்குமாம். நியாயமாகச் சொல்ல வேண்டும்: அவ்வளவு நன்றாக எனக்கு யாரும் விளக்கியதில்லை. படம் போட்டுக் காட்டியது. நான் மூன்று தடவை கேட்டதை மூன்று தடவையும் அலுக்காமல் சொன்னது. எனக்குக்கூட மூன்றாவது தடவை குரல் உயர்ந்துவிடும். கடைசியில் "வேறு ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்றது.

"பயமா இருக்கு" என்றேன். ஏன் அதனிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. வேறு யாரும் அப்போது கேட்கவில்லை.

"பயப்படுவது இயல்பானது. நீங்கள் தனியாக இல்லை. உங்கள் மனநிலையை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது" என்றது.

அதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனாலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. திரையை ஒரு தள்ளு தள்ளினேன். சக்கரம் இருந்ததால் அது பாட்டுக்கு உருண்டு போய்ச் சுவர் ஓரமாக நின்றுகொண்டது.

சாயங்காலம் சர்ஜன் வந்தார். பேச்சுக் குறைவான மனுஷர், கொஞ்சம் சிடுமூஞ்சி. கேஸ் பேப்பரை நின்றபடியே புரட்டினார். அவரிடமும் அதையே சொன்னேன்.

"பயமா இருக்கு டாக்டர்."

"எனக்கும் இருக்கும்மா."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஒவ்வொரு தடவையும் இருக்கும். நாளைக்குக் காலைல எனக்கு சாப்பாடு எறங்காது. வீட்ல கேட்டா சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு, பேப்பரை மூடிக்கொண்டு போய்விட்டார்.

இதென்ன ஆறுதல் என்று ரூத் கோபப்பட்டாள். ஆனால் அன்று நான் தூங்கினேன். நான் செத்துப்போனால் அந்தக் கம்பத்துக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த அறைக்கு உருண்டு போய், இதே நல்ல தமிழில் இன்னொருத்திக்கு விளக்கும். இந்தச் சிடுமூஞ்சிக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. என் உயிர் போனால் தனக்கும் ஏதோ போகிறது என்று இருக்கிற ஒருவர் கையில் என்னைக் கொடுக்கிறேன் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது. என்னால் இதைத் தேற்றமாக நிரூபிக்க முடியாது. அங்கே படுத்திருந்தால் உங்களுக்கும் தெரியும்.

தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது சகாயம் கதவு வரை வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "பத்திரம்" என்று மட்டும் சொன்னார். அவர் சொல்ல வந்தது அது இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படியே உள்ளே போனேன்.

பிழைத்துவிட்டேன். ஐ.சி.யூ.வில் கண் விழித்தபோது தொண்டையில் குழாய். ஒரு மொழியிலும் ஒரு வார்த்தை பேச முடியாது. மலையாளி நர்ஸ் ஒருத்தி என் கண்ணைப் பார்த்தே, முதுகுக்கடியில் மடங்கியிருந்த துணியை இழுத்துச் சரிசெய்தாள். இப்போது என் இதயத்தில் இருப்பது உலோகக் கதவு. அறை அமைதியாக இருந்தால் டிக் டிக்கென்று கேட்கும். ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. கீரைகூட அளந்துதான் சாப்பிட வேண்டும். மாடி ஏற முடியாது, பத்தாம் வகுப்பு மாடியில் இருக்கிறது. ஆகையால் இயந்திரங்களின் மேல் எனக்குப் பகை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒன்றை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சகாயம் என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். காய் நறுக்கினார், துணி மடித்தார், பேப்பரில் வந்த அரசியல் எல்லாம் பேசினார். அந்த ஒன்றை மட்டும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. என் டிக் டிக் சத்தம் மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் கேட்டுக்கொண்டிருந்தது.

போன வாரம் ரெவ்யூவுக்குப் போனோம். தாழ்வாரத்தில் சுமாவைப் பார்த்தேன். எழுந்து நின்று அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "நீ இல்லன்னா நான் இல்லம்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். நீங்க அட்மிட் ஆன அன்னைக்கே நான் உங்கள பாத்தேன்."

"எனக்கு நினைவில்லையே."

"நான்தான் உங்கள பாக்கலையே. போனத்தான் பாத்தேன். கபம்னு இருந்துது, சரின்னு போய்ட்டேன். அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஒருவேளை ஆபரேஷனே..." என்று நிறுத்திக்கொண்டாள். "சாரிம்மா."

எனக்குக் கோபம்தான் வந்தது. என் சொந்தக் கதவைக் குப்பையில் போட்டுவிட்டார்களே என்ற கோபம். பரவாயில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை, சொல்லவும் இல்லை. கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். காதில் தவறாக விழுந்தது அந்தக் கம்பத்துக்கு. அது அப்போதும் பக்கத்து அறையில் யாரிடமோ என்ன தொந்தரவு என்று கேட்டுக்கொண்டிருந்தது. தூக்கம் கெட்டது இந்தப் பெண்ணுக்கு. சகாயம் என் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் வந்தோம். பள்ளம் மேட்டில் நெஞ்செலும்பு வலிக்காமல் இருக்க ஒரு சின்னத் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன். பானஸ்வாடி சிக்னல் தாண்டியதும் அவர் பேசினார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"எனக்கும் தெரியும் எப்சி."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"மொத நாளே போன்ல பாத்துட்டேன். சளியுடன் கூடிய இருமல்னு தமிழ்லயே போட்டிருந்துது. நீ எந்தச் சளியச் சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியாதா? சொல்லலாம்னு நர்ஸுகிட்ட போனேன். எல்லாம் அக்கா எழுதிடுச்சு சார்னாங்க. திரும்பி வந்துட்டேன்."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமேங்க."

"சொல்லியிருக்கலாம்." ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சளின்னா சின்ன வியாதி எப்சி. நாலு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நடுக்கம்னு சொன்னா வேற என்னென்னமோ தேடுவாங்க, என்னத்தையாவது கண்டுபுடிப்பாங்க. எனக்குப் பயம். அதுல எழுதியிருக்கறதே நெசமா இருந்துடட்டும்னு நெனச்சேன். தினமும் அதத் தொறந்து பாத்து, அதையே நம்பிக்கிட்டேன். நீ படுக்க முடியலன்னு சொன்னப்பகூட."

அவர் குரல் உடைந்தது. அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை, அவர் அம்மா சாவுக்குக்கூட. எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. தலையணையை இறுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தேன்.

லிங்கராஜபுரம் சர்ச் தாண்டி, எங்கள் தெரு வந்தது, வீடு வந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தினார். சகாயம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுக்கக் குனிந்தார்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

நான் டிரைவரிடம் சொன்னேன், "இன்னொந்து ரவுண்டு ஹோகி அண்ணா. மெல்லகே."